செய்த வேலையும் செய்தவர் பெயரும்

சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குள ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குன்றின் மேலேறி, மறுபக்கத்துக் குறுகலான பாதையில் ஏழடிப்பட்டம் வரை போகிறவர்கள் குறைவு. அங்கே இயற்கையான குகைத்தளம் ஒன்றில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்தி, வழவழவென்று இழைத்த படுக்கைகள். அவற்றில் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் இதைக் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணித்தார். எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளயர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் செய்தி.

இதில் மன்னன் பெயர் இல்லை. வாழ்த்து இல்லை. பட்டம் இல்லை. யாருக்காக, யார், என்ன செய்தார், அவரவர் எந்த ஊர் என்பவை மட்டும் இருக்கின்றன. எழுதப்பட்ட இடமும் கவனிக்கத்தக்கது. ஊர் நடுவிலோ மன்றத்திலோ இதை வெட்டிவைக்கவில்லை. செய்த வேலையின் மேலேயே, படுக்கையின் விளிம்பிலேயே வெட்டியிருக்கிறார்கள். கல் இருக்கும் வரை வேலையும் இருக்கும், பெயரும் இருக்கும்.

இரண்டாயிரம் ஆண்டு கழித்து, அந்தக் குன்று இருக்கும் அன்னவாசல் வட்டாரத்தில் ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில் பதித்த பளிங்குக் கல்லைப் படித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் எந்த ஊரின் கல்லும் இதே அமைப்பில்தான் இருக்கும். திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட ஆட்சியர், ஒன்றியக் குழுத் தலைவர். எல்லோருக்கும் கீழே, கல்லில் மிச்சமிருந்த இடத்தில், சின்ன எழுத்தில் ஊராட்சி மன்றத் தலைவர். தொட்டிக்கு இடம் தேடியவர், இடம் கொடுக்கத் தயங்கியவரிடம் பேசி முடித்தவர், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வராதபோது ஊரார் ஏச்சைக் கேட்டவர் அவர்தான். கல்லில் அவருக்குக் கடைசி வரி.

ஆயுள் முழுவதும் ஊர்ப் பொதுவேலை பார்த்து மறைந்த ஒரு மக்கள் பிரதிநிதியை எப்படி மதிப்பது என்ற கேள்வியை இந்த இரண்டு கற்களுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இதற்கு நம்மிடம் இப்போது ஒரு பழக்கம் உருவாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ், படத்திறப்பு, ஒரு நிமிட மௌனம், மன்றக் கூட்டத்தில் ஓர் இரங்கல் தீர்மானம். இவற்றில் எதையும் குறைசொல்ல மாட்டேன். துக்கத்துக்கும் ஒரு வடிவம் வேண்டும். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த மனிதர் செய்த வேலைக்கு என்ன சாட்சி மிஞ்சுகிறது?

அறிவர் கோயிலுக்கே திரும்புவோம். அந்தக் குடைவரையை மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தான் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் எழுதினார்கள். ஓவியங்களும் அவன் காலத்தவை என்றே நெடுநாள் நம்பப்பட்டது. பிறகு முகப்புக்கு அருகே பாறையில் உள்ள பாட்டு வடிவக் கல்வெட்டு படிக்கப்பட்டதும் கதை மாறியது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டிய மன்னன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் முகமண்டபம் எடுத்தார் என்று அது சொல்கிறது. இன்று நாம் காணும் ஓவியங்களில் பெரும்பகுதியை அந்தத் திருப்பணியோடு சேர்த்தே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அந்தப் பாறையில் பெயர் இல்லாமல் போயிருந்தால் புகழ் முழுவதும் காஞ்சிபுரத்து அரசனுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். இத்தனைக்கும் இளங்கௌதமன் புதிதாக ஒன்றைக் கட்டியவர் இல்லை, பழுது பார்த்தவர். பழுது பார்த்ததைப் பாட்டாக எழுதிப் பாறையில் வெட்டத் தகுந்த செயலாக அந்தக் காலம் கருதியிருக்கிறது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவர் எடுத்த முகமண்டபம் பின்னால் இடிந்துபோனது. இப்போது முகப்பில் நிற்கும் தூண்கள் 20-ஆம் நூற்றாண்டில், புதுக்கோட்டைச் சமஸ்தான நிர்வாகி அலெக்ஸாண்டர் டாட்டன்ஹாம் காலத்தில், குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. மண்டபம் போனது, எழுத்து நின்றது.

புதுக்கோட்டைச் சீமைக்கு இது புதிதில்லை. சமஸ்தானம் 1929-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் 1,130 கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆற்றுப் பாசனம் பெரிதாக இல்லாத, கண்மாய்களை நம்பிய நிலம் இது. அதனால் கோயில் சுவரில் மட்டுமல்லாமல் கண்மாய்க்குள் நிற்கும் குமிழி மடைத் தூண்களிலும் எழுதிவைத்தார்கள். குமிழி போட்டவர் இன்னார், எந்த ஊர் என்பது அதில் இருக்கும். கண்மாய் நிரம்பியிருக்கும்போது எழுத்தைப் படிக்க முடியாது. கோடையில் தண்ணீர் வற்றியதும், மராமத்துக்காக ஊரார் உள்ளே இறங்கும் நேரத்தில், அந்தப் பெயர் கண்ணில் படும். அடுத்தவர் வேலை செய்ய வேண்டிய சமயத்தில் முந்தியவர் பெயரைக் காட்டும் ஏற்பாடு, திட்டமிட்டோ தற்செயலாகவோ, அப்படி அமைந்துவிட்டது.

இந்த மாவட்டத்திலேயே பிறந்து, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிகளில் வாழ்நாளைக் கழித்து, ஒரு நீர்நிலையின் பெயராக நிலைத்துவிட்டவர் ஒருவர் உண்டு. தீரர் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள திருமயத்தில் 1887 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1923 முதல் சென்னைச் சட்டசபை, 1930-களின் நடுவிலிருந்து டில்லி மத்திய சட்டசபை என்று அவர் பெயர் பெற்றது பேச்சினால்தான். அவரைப் பற்றி எழுதுகிற பலரும் அந்த நாவன்மையிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் பேச விரும்புவது 1939 நவம்பரில் அவர் ஏற்ற, ஓராண்டு மட்டுமே வகித்த சென்னை மேயர் பதவியைப் பற்றி.

அந்தப் பதவிக்கு அன்று பெரிய அதிகாரம் ஏதும் கிடையாது. 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டப்படி நிர்வாகம் முழுவதும் ஆணையர் கையில். மேயர் மன்றத்துக்குத் தலைமை வகிப்பார், விருந்தினரை வரவேற்பார், சிவப்பு அங்கி அணிவார். அவர் பதவியேற்ற நேரமும் மோசமானது. செப்டம்பரில் உலகப்போர் தொடங்கியிருந்தது. அக்டோபர் இறுதியில் ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை விலகியிருந்தது. மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருந்தது. ஒரு காங்கிரஸ் மேயர், பிரிட்டிஷ் ஆளுநரிடம், போர்க்காலத்தில் பெருந்தொகை கேட்க வேண்டிய நிலை.

கேட்பதற்குக் காரணம் இருந்தது. சென்னைக்குப் புழல் ஏரியிலிருந்து முறையான குடிநீர் வரத் தொடங்கியது 1872-இல். மணல் வடிகட்டியும் நீரேற்று நிலையமும் கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் அமைந்தன. அதை வடிவமைத்த பொறியாளர் மேட்லியின் பெயர் தியாகராய நகரில் ஒரு சாலைக்கு இருக்கிறது. அந்தச் சாலையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அது குடிநீர் தந்தவரின் பெயர் என்று தெரியுமோ. 1941 கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை 7.77 லட்சமாகியிருந்தது. ஆனால் நீருக்கு ஆதாரம் பழைய புழலும் சோழவரமும்தான். மழை பொய்த்தால் நகரம் வறண்டது.

கொசஸ்தலையாற்றின் வெள்ளம் ஆண்டுதோறும் கடலில் கலப்பதை மறித்து, நகருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் கட்டலாம் என்ற யோசனையைச் சத்தியமூர்த்தி கையில் எடுத்தார். யோசனை வந்த எட்டு மாதத்துக்குள் அடிக்கல் நாட்டப்பட்டது என்பதை அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்றைய கோப்புகளின் வேகத்தை அறிந்தவர்களுக்கு அந்த எட்டு மாதம் என்ன என்று விளங்கும். இதில் எனக்கு வியப்பு வேகத்தில் மட்டுமில்லை. தன் கையில் இல்லாத அதிகாரத்தை, யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போய், தன் கட்சி அவரோடு மோதிக்கொண்டிருக்கும்போதே, தன் ஊர் மக்களுக்காகக் கேட்டு வாங்கியதுதான் இதன் சாரம். உள்ளாட்சிப் பதவியில் இருப்பவர்களின் அன்றாட வேலையே இதுதான். ஒன்றிய அலுவலகம், மின்வாரியம், பொதுப்பணித்துறை என்று எதுவும் தங்கள் கையில் இல்லாத இடங்களில் போய் நின்று, கேட்டு வாங்கி வருவது. கொள்கைக்காகச் சிறைக்குப் போகிறவர், குடிநீருக்காகக் கோட்டைக்கும் போனார். இரண்டையும் ஒரே மனிதர் செய்ததில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சுமார் 65 லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டி முடிந்த நீர்த்தேக்கம் 1944-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சத்தியமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் கைதாகி, நாகபுரிப் பக்கத்து அமராவதி சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்தப் பயணத்தில் முதுகெலும்பில் அடிபட்டது. உடல் நலிந்து, 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார்.

நீர்த்தேக்கத்துக்குச் ‘சத்தியமூர்த்தி சாகர்’ என்று பெயர் வைக்கப்பட்டது. பெயர் சூட்டும் அரசியலில் நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. சம்பந்தமே இல்லாத பேருந்து நிலையத்துக்கும் பூங்காவுக்கும் தலைவர் பெயர் வைப்போம். ஆட்சி மாறினால் பெயரும் மாறும். பூண்டி அந்த வகை இல்லை. யார் செய்தாரோ அவர் பெயர், எதைச் செய்தாரோ அதன் மேல். ஏழடிப்பட்டத்துக் கல்வெட்டின் முறை அது. பிறகு அந்த நீர்த்தேக்கத்தின் மீது அடுத்தடுத்த தலைமுறைகள் வேலை செய்தார்கள். 1972-இல் பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்குக் கால்வாய் வந்தது. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் செய்தார்கள். கண்டலேறு அணையிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் அதிகமான கால்வாய் வழியே கிருஷ்ணா நீர் 1996-இல் பூண்டிக்கு வந்தது. அதை வாங்கிக்கொள்வதற்காக நீர்மட்டம் உயர்த்தப்பட்டு, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி ஆனது. கொசஸ்தலையாற்று வெள்ளத்துக்காக யோசித்த கலம் அரை நூற்றாண்டு கழித்து மகாபலேஸ்வரத்தில் பிறக்கும் ஒரு நதியின் நீரை ஏந்தியது. இறந்தவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எதுவும் எனக்குத் தெரியவில்லை: அவர் தொடங்கியதை யாரும் பாழாக விடவில்லை, மேலே மேலே கட்டினார்கள்.

அவருடைய சீடர் காமராஜரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1940-இல் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது, அரசியலில் அவருக்கு ஆசானாக இருந்த சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராக இருக்கச் சம்மதித்தார். காமராஜருக்கும் ஓர் உள்ளாட்சிப் பதவி வந்தது. 1941-இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் பதவியிலிருந்து விலகிவிட்டார். முழு நேரமும் கொடுக்க முடியாத ஒரு பொறுப்பில் பெயருக்கு உட்கார்ந்திருப்பது சரியில்லை என்பது அவர் எண்ணம். பொதுவாழ்வுக்குப் பாராட்டுரை எழுதுகிறவர்கள் வகித்த பதவிகளையே வரிசையாக அடுக்குகிறார்கள். விட்டுக்கொடுத்த பதவிகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

பாராட்டுரை என்றதும் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டியிருக்கிறது. மறைந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுவது நம் பண்பாடு என்று நாம் பழகியிருக்கிறோம். வீட்டுத் துக்கத்தில் அது சரி. பொதுவாழ்வில் அது கேடு. சத்தியமூர்த்தியின் கதையிலேயே இதற்குச் சான்று உண்டு. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் இறுதியில் சென்னைச் சட்டசபையில் போராடியபோது அதை எதிர்த்து வாதாடியவர்களில் சத்தியமூர்த்தி முக்கியமானவர். இருவரும் ஒரே சீமையின் மக்கள். முத்துலட்சுமி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அதே மகாராஜா கல்லூரியில், ஆண்கள் மட்டும் படித்த வகுப்பில், எதிர்ப்புகளுக்கு நடுவே சேர்க்கப்பட்ட முதல் மாணவி. தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபில் வந்தவர் என்பதால், சட்டசபையில் முத்துலட்சுமி பேசிய ஒவ்வொரு சொல்லும் சொந்த வீட்டு வலியிலிருந்து வந்தது. 1926-இல் அந்தச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மேன் என்ற முறையில் நகராட்சிப் பணியிலும் இருந்தார். அவர் கேட்ட சட்டம் 1947-இல்தான் முழு வடிவில் நிறைவேறியது. அந்த விவாதத்தில் சத்தியமூர்த்தி நின்ற பக்கம் தவறான பக்கம். பூண்டியைச் சொல்லும்போது இதையும் சொல்லாவிட்டால், நாம் வரலாறு எழுதவில்லை, விளம்பரம் எழுதுகிறோம். முழு மனிதராக வைத்துப் பார்த்த பிறகும் பூண்டி பூண்டியாகவே நிற்கிறது.

முத்துலட்சுமிக்குக் கிடைத்த மரியாதையின் வடிவம் வேறு. 1956-இல் பத்மபூஷண் வந்தது, 1968-இல் மறைந்தார். அவர் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவ்வை இல்லமும் இன்றும் இயங்குகின்றன. அவர் பெயரில் தமிழ்நாடு அரசு நடத்தும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் கிராமத்து வீடுகளுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. கருவுற்ற பெண் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்கிறாள். உதவி தவணை தவணையாக அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து உதவியின் மதிப்பு 18,000 ரூபாய். “முத்துலட்சுமி பணம் வந்துருச்சாம்மா?” என்று ஆரம்பச் சுகாதார நிலையத்து வராந்தாவில் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்கிறவருக்கு அந்த அம்மையார் யார் என்று தெரியாமல் இருக்கலாம். கருவுற்ற ஏழைப் பெண்ணுக்குச் சத்தான சோறு வேண்டும் என்று அவர் நினைத்தது மட்டும் மாதா மாதம் நடந்துகொண்டிருக்கிறது.

சத்தியமூர்த்தியும் முத்துலட்சுமியும் பெரிய பெயர்கள். அவர்களுக்கு அரசு இருக்கிறது, கட்சி இருக்கிறது, நூற்றாண்டு விழா இருக்கிறது. ஊராட்சி மன்றத் தலைவர், வார்டு உறுப்பினர், நகர்மன்ற உறுப்பினர் என்று அடுத்த படியில் நின்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? மதுரை வில்லாபுரத்தின் மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். நெசவாளர் குடும்பத்துப் பெண், மார்க்சிஸ்ட் கட்சி ஊழியர். தன் வார்டுக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்டார். தண்ணீரை விற்றுப் பிழைத்த கூட்டத்துக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 30 அன்று, மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உடனிருந்தவர்களோடு கொல்லப்பட்டார். பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில், தேர்தலே நடக்கவிடாமல் தடுக்கப்பட்டதையும் மீறி நின்று வென்றவர் அவர். இவர்கள் இருவருக்கும் ஆண்டுதோறும் அவரவர் தோழர்கள் நினைவு நாள் அனுசரிக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்து, தமிழ்நாட்டில் புதிய சட்டப்படி 1996-இல் முதல் தேர்தல் நடந்த சில மாதங்களுக்குள், உள்ளாட்சி என்பது காகிதமில்லை என்று தங்கள் உயிரால் காட்டியவர்கள் இவர்கள். பள்ளிப் பாடத்தில் உள்ளாட்சி அமைப்பைப் பற்றிய பகுதியில் இவர்கள் பெயர் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மற்றவர்கள் கொலையுண்டு செய்தியாகவில்லை. முதுமையிலும் நோயிலும் இறந்தார்கள். முப்பது ஆண்டு ஊருக்கு உழைத்து, இரண்டு முறை தோற்று, மூன்று முறை வென்று, கடன் மிச்சமாக வைத்துவிட்டுப் போன தலைவர்கள் இந்த மாவட்டத்தின் ஒவ்வோர் ஒன்றியத்திலும் உண்டு. அவர்கள் செய்ததற்குச் சாட்சி எங்கே இருக்கிறது என்றால், ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. நீளமான பேரேடு. இடது பக்கம் ‘பொருள்’, வலது பக்கம் ‘தீர்மானம்’. தெருவிளக்குக்கு பல்பு வாங்கியது, கைப்பம்புக்கு வாஷர் மாற்றியது, ஊருணித் தூர் எடுக்க ஒப்பந்தப்புள்ளி கோரியது, டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் வழங்கியது. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘மன்றம் அங்கீகரிக்கிறது’ என்று ஒரு வரி, உறுப்பினர்களின் கையெழுத்து, எழுதத் தெரியாதவரின் கைநாட்டு. ஒரு தலைவரின் ஐந்தாண்டு வாழ்க்கை இந்தப் பேரேட்டில் நாள் வாரியாக இருக்கிறது. பாராட்டுரையில் வரும் ‘அயராத உழைப்பாளி’ என்ற சொல்லைவிட, ஒரே கோடையில் கைப்பம்பு பழுதுக்காக மட்டும் வந்த ஐந்தாறு தீர்மானங்கள் நமக்கு அதிகம் சொல்லும்.

இந்தப் பேரேடுகள் என்ன ஆகின்றன என்பதே கவலை. அலுவலகக் கட்டடம் மாறும்போது சாக்கில் கட்டிப் போடப்படுகின்றன. கூரை ஒழுகினால் நனைகின்றன. கரையான் தின்கிறது. 1929-இல் ஒரு சமஸ்தானம் தன் மண்ணில் இருந்த 1,130 கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிட்டது. மின்னணுப் படியெடுக்கும் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் இந்தக் காலத்தில், நாம் முந்தைய தலைமுறையின் தீர்மானங்களைக் கரையானுக்கு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

கணக்கையும் சேர்த்தே சொல்லவேண்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தச் சபை பிராமணர்களுக்கு மட்டுமானது, நிலமுள்ளவர்களுக்கு மட்டுமானது என்பதை மறக்காமல்தான் அதைப் படிக்கவேண்டும். ஆனால் அதில் ஒரு விதி இன்றைக்கும் பொருந்தும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது; அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. பதவிக்காலம் 360 நாள், முடிந்ததும் கணக்கு. பொதுவேலை செய்தவருக்கு மரியாதை என்பது அவர் கணக்கு ஒழுங்காக இருந்தது என்று ஊர் ஒப்புக்கொள்வதிலிருந்து தொடங்குகிறது. கணக்கு ஒழுங்காக வைத்துவிட்டுப் போன தலைவரின் பேரேட்டைப் பாதுகாப்பது அவருக்கு நாம் திருப்பிச் செலுத்தும் கடன். கணக்கில் குளறுபடி செய்தவரின் பேரேட்டையும் பாதுகாக்கத்தான் வேண்டும்; வருகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

எழுதி வைப்பதற்கு முதலில் எழுதப்பட வேண்டிய ஆள் பதவியில் இருக்க வேண்டும். 2016-இல் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற வழக்குகளில் சிக்கி, ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட மூன்றாண்டும் தனி அலுவலர் ஆட்சி. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர்கள் நேர்மையாக வேலை செய்யலாம். ஆனால் இரவு பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. மறைந்த தலைவர்களின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர்கள் உட்கார்ந்த நாற்காலியை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்திருப்பது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. இதில் எந்தக் கட்சியின் ஆட்சிக்கும் நான் விலக்குத் தர மாட்டேன்.

அன்னவாசல் ஒன்றியத்தில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சித்தன்னவாசல் குன்று இந்த ஒன்றியத்தில் இருப்பதால் மட்டுமில்லை. ஓர் ஊருக்கு ஒருவர் செய்ததைச் செய்த இடத்திலேயே எழுதும் வழக்கம் இங்கே இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. இதற்கு அரசாணை தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் பெரிதாகத் தேவையில்லை. 1996-க்குப் பிந்தைய தீர்மானப் புத்தகங்களை, கிடைத்தால் அதற்கு முந்தியவற்றையும், பக்கம் பக்கமாகப் படம்பிடித்து மாவட்ட மைய நூலகத்தில் ஒரு படி வைக்கலாம். பக்கத்து மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் மகாராஜா கல்லூரியின் வரலாற்றுத் துறையும் இதைச் செய்ய முடியும். மறைந்த ஒவ்வொரு தலைவருக்கும், உறுப்பினருக்கும், அவர் காலத்தில் ஊரில் நடந்த ஒரு வேலையை ஊரே தேர்ந்தெடுத்து, அந்த இடத்திலேயே ஒரு கல் நடலாம். மடையாக இருந்தால் மடையில், நூலகமாக இருந்தால் அதன் படியில், சுடுகாட்டுப் பாதையாக இருந்தால் பாதை ஓரத்தில். கல்லில் நான்கு செய்திகள் போதும்: யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன செய்தார். அமைச்சர் பெயர் வேண்டாம்.

கல் நட்ட பிறகு அந்த வேலையைப் பழுதில்லாமல் வைத்திருக்கவும் ஒரு தீர்மானம் வேண்டும். நீர் வராத குழாயின் மேல் ஒருவர் பெயரை எழுதிவைப்பது அவருக்குச் சிறுமை. 1972-இல் கால்வாயும் 1996-இல் கிருஷ்ணா நீரும் சேராமல் பூண்டி மண்மேடிட்டுக் கிடந்திருந்தால், சத்தியமூர்த்தியின் பெயர் இன்று ஒரு பழைய பலகையில் மட்டும் இருந்திருக்கும். இளங்கௌதமனைப் போலப் பழுது பார்ப்பவரின் பெயரையும் அதே கல்லில் கீழே சேர்க்க இடம் விட்டே எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, உள்ளாட்சி தினமான நவம்பர் 1. தலைவர் பதவி காலியாக இருந்தாலும் கிராம சபையில் பேசும் உரிமை ஊர்மக்களுக்கு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் ஊரில் மறைந்த தலைவர்களின் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பழைய தீர்மானப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பதில் எதுவானாலும் அதை அன்றைய தீர்மானத்தில் எழுதச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.